காக்பிட் பார்வையில் பிரேக் பிடிக்கும் இடம் தவறுகிறது, தலையும் சுற்றுகிறது: எதைச் சரிசெய்ய வேண்டும்?

வெளிவட்டம் (கேள்வி)

வணக்கம். கார் பந்தய விளையாட்டுகளை இதுவரை, காரின் முன்மூடி மேலிருந்து பார்ப்பது போன்ற பானெட் கேமராவிலேயே ஓட்டி வந்தேன். ஸ்டீயரிங்கும் பெடலும் வாங்கிய பிறகு, ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்ப்பது போன்ற காக்பிட் பார்வைக்கு மாறினேன். மாறியது முதல், அதே காரில் அதே தடத்தில் சுற்றுக்கு இரண்டு மூன்று வினாடிகள் கூடுதலாகின்றன.

என் சிக்கல்கள் மூன்று. இத்தாலியின் மோன்சா தடத்தில் நீண்ட நேர்சாலை முடிந்து முதல் சிக்கேன் (வேகத்தைக் குறைக்க வைக்கும் அடுத்தடுத்த எதிரெதிர் வளைவுகள்) வரும் இடத்தில், 150 மீட்டர் பலகையைக் குறியாக வைத்துத்தான் ஒவ்வொரு முறையும் பிரேக் பிடிக்க நினைக்கிறேன். ஆனாலும் ஒரு சுற்றில் வளைவைத் தாண்டிப் போய்விடுகிறேன், அடுத்த சுற்றில் வளைவுக்கு வெகு முன்பே வேகம் வடிந்துவிடுகிறது. இரண்டாவதாக, அதே தடத்தின் இரண்டு லெஸ்மோ வலது வளைவுகளிலும் காரின் வலப்பக்கச் சக்கரங்கள் கெர்பை (தட ஓரத்துக் கரையை) தாண்டி இறங்குகின்றன. அஸ்காரியின் முதல் இடது வளைவிலோ கெர்புக்கும் காருக்கும் இடையே தாராளமாக இடம் கிடக்கிறது. மூன்றாவதாக, அரை மணி நேரம் ஓட்டினாலே தலை சுற்றுகிறது, சில நாள்களில் குமட்டலும் வருகிறது.

27 அங்குலத் திரை, 16:9 விகிதம், கண்ணிலிருந்து 70 செ.மீ. தொலைவில் உள்ளது. ஓட்டுவது அசெட்டோ கோர்சா என்ற விளையாட்டில், இடப்பக்க ஸ்டீயரிங் கொண்ட ஜிடி3 வகைப் பந்தயக் கார். இணையத்தில் கிடைத்த ஒரு கணிப்பானில் திரையின் அளவையும் தொலைவையும் கொடுத்தபோது பார்வைக்கோணம் (திரையில் எத்தனை டிகிரிக் காட்சி தெரிகிறது என்ற அளவு) 46 என்று வந்தது. அதையே விளையாட்டில் இட்டிருக்கிறேன். கேமரா அசைவு தொடர்பான தேர்வுகள் எதையும் தொடவில்லை.

நாலாம் கியர்

அந்தக் கணிப்பான் 46 என்று சொன்னது கிடைமட்டக் கோணமா, செங்குத்துக் கோணமா? ஃப்ரேம் ரேட் (வினாடிக்கு எத்தனை படங்கள்) எவ்வளவு வருகிறது என்பதையும் சொல்லுங்கள். காக்பிட்டில் கண்ணாடிகளுக்காகப் பின்புறக் காட்சியையும் வரைய வேண்டியிருப்பதால், பானெட் கேமராவில் தடையின்றி ஓடும் கணினிகூட இங்கே திணறக்கூடும்.

வெளிவட்டம்

கிடைமட்டம் என்றுதான் போட்டிருந்தது. ஃப்ரேம் ரேட் 60-க்குக் கீழே இறங்கியதில்லை.

முக்கோணவியல்

அப்படியானால் உங்கள் முதல் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. அசெட்டோ கோர்சா பார்வைக்கோணத்தைச் செங்குத்து அளவாகவே எடுத்துக்கொள்ளும். ஐரேசிங் போன்ற வேறு விளையாட்டுகள் கிடைமட்ட அளவைக் கேட்கும். கிடைமட்டத்திற்கான 46-ஐச் செங்குத்துக்குரிய இடத்தில் இட்டால், 16:9 திரையில் கிடைமட்டக் கோணம் ஏறத்தாழ 74 டிகிரியாக விரிந்துவிடும்.

இதனால் என்ன ஆகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். திரையை ஒரு சன்னலாக எண்ணிக்கொள்ளுங்கள். 70 செ.மீ. தொலைவில் இருக்கும் 60 செ.மீ. அகலச் சன்னல் வழியாக வெளியே 46 டிகிரி அளவுக்கான காட்சிதான் தெரிய முடியும். அதே சட்டத்திற்குள் 74 டிகிரிக் காட்சியைத் திணித்தால், நடுவில் உள்ள எல்லாப் பொருள்களும் சுருங்கியாக வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால், 100 மீட்டர் தொலைவில் உள்ள பலகை உங்கள் கண்ணுக்கு 177 மீட்டர் தொலைவில் இருப்பது போன்ற அளவில் தெரிகிறது. அதே வேளையில், திரையின் ஓரங்களில் தடுப்புச் சுவரும் புல்லும் இயல்பைவிட விரைந்து பின்னோடுவதால் வேகம் கூடுதலாகத் தோன்றுகிறது. தொலைவு நிறைய இருக்கிறது என்று ஒரு குறிப்பும், வேகம் மிகுதி என்று ஒரு குறிப்பும் ஒரே நேரத்தில் வரும்போது, மனம் ஒரு சுற்றில் ஒன்றையும் அடுத்த சுற்றில் மற்றொன்றையும் நம்புகிறது. நீங்கள் ஒரு முறை தாண்டிப் போவதும் மறுமுறை முன்கூட்டியே நிற்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

கணிப்பானை நம்பியிருக்க வேண்டியதில்லை. திரையின் உயரத்தில் பாதியைக் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தொலைவால் வகுத்து, அந்த விகிதத்தை டேன்ஜென்டாகக் கொண்ட கோணத்தைக் கண்டு, அதை இரட்டிப்பாக்கினால் செங்குத்துக் கோணம் கிடைக்கும். 27 அங்குலத் திரையின் உயரம் 33.6 செ.மீ.; ஆகவே 16.8-ஐ 70-ஆல் வகுக்க 0.24, அதற்குரிய கோணம் 13.5 டிகிரி, இரட்டிப்பாக்கினால் 27. நீங்கள் இட வேண்டிய எண் இதுதான்.

இட்டவுடன் உங்களுக்குப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டாஷ்போர்டு திரையை அடைத்துக்கொள்ளும், பக்கக் கண்ணாடிகள் காணாமல் போகும், கார் நகர்வதே இல்லை என்பது போலத் தோன்றும். இந்த நிலையில்தான் பெரும்பாலோர் எண்ணைப் பழையபடி உயர்த்திவிடுகிறார்கள். எண்ணைத் தொடாமல் செய்யக்கூடியவை இரண்டு உண்டு. முதலாவது, திரையைக் கண்ணருகே கொண்டுவருவது. ஸ்டீயரிங் பொருத்திய அடிப்பெட்டிக்கு ஒட்டினாற்போல் திரையை நகர்த்தி 55 செ.மீ. தொலைவுக்குக் கொண்டுவந்தால், செங்குத்துக் கோணம் 34 ஆகவும் கிடைமட்டம் 57 ஆகவும் நேர்மையாகவே விரியும். இரண்டாவது, விளையாட்டுக்குள் இருக்கையை முன்னே நகர்த்துவது. ஜிடி3 கார்களில் ஓட்டுநர் நன்றாகப் பின்தள்ளித் தாழ்வாக அமர்வதால், இயல்பான இருக்கை நிலையில் திரையின் பெரும்பகுதி கருவிப்பலகைக்கே போய்விடுகிறது. கேமராவை 30 செ.மீ. முன்னே தள்ளினால் டாஷ்போர்டின் பெரும்பகுதி திரைக்குக் கீழே மறைந்துவிடும். 100 மீட்டருக்கு அப்பால் இருக்கும் பலகையின் அளவிலோ கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எதுவும் இராது. பார்வைக்கோணத்தை அளந்து வையுங்கள், இருக்கையை உங்கள் விருப்பப்படி வையுங்கள். ஒன்றன் குறையை மற்றொன்றால் ஈடுகட்டப் பார்த்தால்தான் குழப்பம் வருகிறது.

தாமதப்பிரேக்

இவ்வளவு பாடு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பானெட் கேமராவில் இரண்டு வினாடி வேகமாக ஓட்ட முடிகிறதென்றால் அதிலேயே ஓட்டலாமே. காக்பிட் என்று வைத்துவிட்டுத் திரையில் பாதியைப் பிளாஸ்டிக்குக்குக் கொடுப்பதில் என்ன மெய்ம்மை இருக்கிறது? கையில் ஒரு ஸ்டீயரிங், திரையில் இன்னொரு ஸ்டீயரிங்!

முக்கோணவியல்

திரையில் தெரியும் ஸ்டீயரிங்கை மறைத்துவிடலாம். அதற்கான தேர்வு அசெட்டோ கோர்சாவிலும் இருக்கிறது, கையில் உண்மையான ஸ்டீயரிங் இருப்பவர்கள் மறைத்துவிடுவதே நல்லது. பானெட் கேமராவில் ஓட்டுவது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கும் ஒரு பார்வைக்கோணம் உண்டு, அதுவும் பல விளையாட்டுகளில் காக்பிட்டின் எண்ணோடு தொடர்பில்லாமல் தனியாக இருக்கும். எனவே, அவருடைய இரண்டு வினாடி கேமரா இருக்கும் இடத்தால் வந்ததா, கோணத்தால் வந்ததா என்பது இரண்டையும் சமப்படுத்திய பிறகுதான் தெரியும்.

பின்கண்ணாடி

மேலே சொன்னது முதல் சிக்கலுக்குப் பொருந்தும். லெஸ்மோவில் சக்கரம் இறங்குவதற்குக் காரணம் வேறு. பானெட் கேமரா காரின் நடுக்கோட்டில் இருக்கிறது. இடப்பக்க இருக்கையில் அமர்ந்தால் உங்கள் கண் அந்தக் கோட்டுக்கு இடப்புறம் நகர்ந்துவிடுகிறது. பழக்கத்தின் காரணமாகக் கண்ணை நடுக்கோடு போக வேண்டிய பாதையில் வைத்து ஓட்டுகிறீர்கள். கார் முழுவதும் அந்த அளவுக்கு வலப்புறம் தள்ளிப் போகிறது. அதனால் வலது வளைவுகளில் கெர்பைத் தாண்டி இறங்குகிறீர்கள், இடது வளைவுகளில் இடைவெளி விடுகிறீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு அறிகுறிகளும் இதனோடு அப்படியே ஒத்துப்போகின்றன.

இதற்கு அமைப்புகளில் மருந்து கிடையாது, பழக்கம்தான் வேண்டும். ஆனால் பழக்கத்தை எளிதாக்க ஒரு வழி உண்டு. ஓட்டுநர் நடுவில் அமரும் ஃபார்முலா வகைக் கார் ஒன்றில் புதிய பார்வைக்கோணத்துடன் முதலில் ஓட்டுங்கள். அங்கே பிரேக் பிடிக்கும் இடம் சீராகிவிட்டால், கோணம் சரியாகிவிட்டது என்று பொருள். பிறகு ஜிடி3 காருக்குத் திரும்பினால் பக்க நகர்வு ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். விண்ட்ஷீல்டின் அடியில், காரின் நடுக்கோட்டில் ஏதாவது ஓர் அடையாளத்தைத் தேர்ந்துகொண்டு, வலது வளைவுகளில் அதை வைத்து அளவிடுங்கள்.

ஃபார்முலா கார் என்றால் 2018 முதல் ஃபார்முலா 1-இல் கட்டாயமாக்கப்பட்ட ஹாலோவின் (ஓட்டுநரின் தலையைக் காக்கும் சட்டத்தின்) நடுத்தூண் கண்ணெதிரே நிற்குமே என்று தயங்க வேண்டாம். உண்மையான ஓட்டுநருக்கு அது பெரிய இடைஞ்சலாக இருப்பதில்லை. ஏறத்தாழ 6 செ.மீ. இடைவெளியுள்ள இரண்டு கண்களில் ஒன்றுக்கு மறைவது மற்றொன்றுக்குத் தெரிந்துவிடுகிறது. திரையோ ஒற்றைக் கண்ணால் பார்க்கிறது. அதனால் நடுத்தூணை மறைக்கும் தேர்வு இருந்தால் மறைப்பதுதான் உண்மைக்கு நெருக்கமானது. ஹாலோவுக்கு முந்தைய பழைய கார் ஒன்றை எடுத்தால் இந்தப் பேச்சே இல்லை.

இனித் தலைசுற்றல். கண் நகர்வதாகச் சொல்கிறது, உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு அசையாமல் இருப்பதாகச் சொல்கிறது. இந்த முரண்தான் குமட்டலாக வெளிப்படுகிறது. அளவுக்கு மீறி விரிந்த கோணம் ஓரங்களின் ஓட்டத்தைக் கூட்டி இந்த முரணைப் பெரிதாக்கும். அதற்கு மேல் கேமரா அசைவுகளும் சேர்ந்துகொள்கின்றன. பிரேக் பிடிக்கும்போது தலை முன்னே சாய்வது போலக் கேமராவை நகர்த்தும் தேர்வைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். தொலைவை அளக்க வேண்டிய அதே நொடியில் அது காட்சியை அசைக்கிறது. வேகத்துக்கேற்ற நடுக்கத்தையும், நகரும் காட்சியை மங்கலாக்கும் மோஷன் பிளரையும் நிறுத்திவிடுங்கள்.

ஸ்டீயரிங் திரும்பும் பக்கமாகக் கேமராவும் திரும்பும் வசதி எங்கே இருந்தாலும் அணைத்துவிடுவது என் வழக்கம். காரின் பின்புறம் வழுக்கும்போது எதிர்ப்பக்கமாக ஸ்டீயரிங்கைத் திருப்புகிறீர்கள்; கேமராவும் அந்தப் பக்கம் ஓடுகிறது. கார் எவ்வளவு சுழன்றிருக்கிறது என்பதைக் கண் அறிய வேண்டிய நேரத்தில், கேமராவின் சுழற்சியும் அதில் கலந்து கணக்கைக் கெடுக்கிறது.

வெளிவட்டம்

இருவருக்கும் மிக்க நன்றி. திரையை 55 செ.மீ.க்குக் கொண்டுவந்து, செங்குத்துக் கோணத்தை 34 ஆக்கி, இருக்கையை முன்னே தள்ளி, ஸ்டீயரிங்கையும் தலையசைவையும் நீக்கிவிட்டேன். ஃபார்முலா காரில் முதல் சிக்கேனில் பிரேக் பிடிக்கும் இடம் இப்போது நிலையாக இருக்கிறது. ஜிடி3 காரில் லெஸ்மோ இன்னும் முழுமையாகப் பிடிபடவில்லை, ஆனால் கெர்போடு நிறுத்த முடிகிறது. குமட்டல் குறைந்திருக்கிறது, மேடு பள்ளம் மிகுந்த தடங்களில் மட்டும் திரும்ப வருகிறது.

இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஓ ரூஜ் வளைவைக் கடந்து ரெடியோன் ஏற்றத்தில் ஏறும்போது சாலையின் முகடு திரைக்கு மேலே மறைந்துவிடுகிறது. குறுகிய கோணத்தில் இதற்கு என்ன செய்வது? இன்னொன்று, என்னிடமுள்ள மற்றொரு விளையாட்டில் பார்வைக்கோணத்தை டிகிரியில் காட்டாமல் அலகே இல்லாத ஒரு நகர்த்தியாகக் கொடுத்திருக்கிறார்கள். அதில் 34 டிகிரியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பின்கண்ணாடி

முதல் ஐயத்துக்கு: கேமராவின் சாய்வை ஓரிரு டிகிரி மேல்நோக்கி மாற்றிப் பாருங்கள். டாஷ்போர்டு இன்னும் சற்றுக் கீழே போகும். ஏற்றத்தில் அந்த இடம் மிகவும் பயன்படும். ஆனால் முகடு முழுவதும் தெரியும் அளவுக்குச் சாய்க்க வேண்டாம். சமதளத்தில் பாதித் திரை வானமாகிவிடும். மேடு பள்ளத்தில் வரும் குமட்டலுக்கு, தொடுவானத்தை நிலையாக வைக்கும் தேர்வு உங்கள் விளையாட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். கேமராவைக் காரோடு இறுகக் கட்டினால், கார் குலுங்கும்போது டாஷ்போர்டு திரையில் அசையாமல் நிற்கும், உலகம் முழுவதும் குலுங்கும். உண்மையில் நம் தலை ஆடினாலும் கண் எதிர்த்திசையில் திரும்பிப் பார்வையை நிலைநிறுத்திவிடுகிறது. தொடுவானத்தை நிலைநிறுத்தினால் அதேபோல் சாலை அமைதியாகும், காரின் உடல்தான் அசையும். அந்த அசைவிலிருந்தே கார் எவ்வளவு சாய்கிறது என்பதும் தெரிந்துவிடும். முழு அளவில் வைப்பது பிடிக்கவில்லையென்றால் பாதியளவில் தொடங்கலாம்.

முக்கோணவியல்

இரண்டாவதற்கு ஓர் அளவுகோலும் இரண்டு விளையாட்டுகளிலும் உள்ள ஒரே தடமும் போதும். மோன்சா பெரும்பாலும் இரண்டிலும் இருக்கும். அசெட்டோ கோர்சாவில் 34 டிகிரி வைத்து, தொடக்கக் கோட்டின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் காரை நிறுத்தி, தொலைவில் தெரியும் ஏதாவது ஒரு கட்டடத்தின் அகலத்தைத் திரையின் மேலேயே அளவுகோல் வைத்து அளந்துகொள்ளுங்கள். மற்ற விளையாட்டில் அதே இடத்தில் நிறுத்தி, அந்தக் கட்டடம் அதே அகலத்துக்கு வரும்வரை நகர்த்தியை நகர்த்துங்கள். பொருள் தொலைவில் இருக்க வேண்டும், திரையின் நடுப்பகுதியிலும் இருக்க வேண்டும். பக்கத்தில் உள்ள தடுப்புச் சுவரை அளந்தால் இருக்கை நிலையின் வேறுபாடு கணக்கில் புகுந்துவிடும், ஓரத்தில் உள்ளதை அளந்தால் அது இழுபட்டுத் தெரியும்.

தாமதப்பிரேக்

இதே முறையில் பானெட் கேமராவின் கட்டடத்தையும் அளந்து இரண்டு எண்களையும் இங்கே எழுதுங்கள். அந்த இரண்டு வினாடி எங்கிருந்து வந்தது என்று எனக்கும் பார்க்க வேண்டும்.

வெளிவட்டம்

அளந்துவிட்டேன். காக்பிட்டில் 34 டிகிரி வைத்தபோது கட்டடத்தின் அகலம் 41 மி.மீ.; பானெட் கேமராவில் 25 மி.மீ. பானெட்டில் இதுவரை நான் ஓட்டியதும் விரிந்த கோணத்தில்தான் என்று தெரிகிறது. அங்கும் கோணத்தைக் குறைத்து, இரண்டிலும் ஒரே காரில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சுற்று நேரங்களை எழுதுகிறேன்.