உதவி: வெறும் வேரோடு நட்ட ரோஜாவில் துளிர் கருகுகிறது, ஒரு செடி மட்டும் ஓஹோவென்று வளர்கிறது

கொடிப்பந்தல்
வணக்கம். மண்ணே இல்லாமல் வெறும் வேரோடு பொட்டலத்தில் வரும் பேர் ரூட் ரோஜா ஐந்து வாங்கித் தோட்டத்தில் நேரடியாகத் தரையில் நட்டிருக்கிறேன். நட்டு ஒரு மாதம் ஆகப்போகிறது. எல்லாமே ஒட்டுச்செடிகள். நடுவதற்கு முன் இரவு முழுக்க வாளித் தண்ணீரில் வேரை ஊறப்போட்டு, ஒடிந்த வேர் நுனிகளை வெட்டிவிட்டேன். குழி ஒன்றரை அடி அகலம், அதே அளவு ஆழம். தோண்டிய மண்ணோடு மக்கிய தொழு உரம் கொஞ்சம் கலந்து நிரப்பினேன்.

இப்போது நிலைமை இதுதான். முதல் இரண்டு செடிகளில் செக்கச்செவேலென்று தளிர் வந்தது. விரல் நீளம் வந்ததும் நுனி தொங்கி, கருகி, தொட்டால் உதிர்கிறது. மூன்றாவதில் குறை ஒன்றுமில்லை. நான்காவதுதான் ஆச்சரியம், ஒற்றைக் குச்சி ஒரு சாணுக்கு மேல் விறுவிறுவென்று ஏறிவிட்டது. ஐந்தாவது நட்டபடியே நிற்கிறது, ஒரு கணுகூட வீங்கவில்லை.

நாள் முழுக்க வெயில் படும் இடம், காற்றும் அதிகம். காலையும் மாலையும் தண்ணீர் விடுகிறேன். உரம் போதவில்லையா, பூஞ்சையா? பிடுங்கி வேரைப் பார்த்துவிடலாமா என்று கை பரபரக்கிறது.

மாடிக்கீரை
தளிர் கருகினால் சத்துக் குறைதான். செடிக்கு ஒரு கைப்பிடி டிஏபி ரசாயன உரம் போட்டுத் தண்ணீர் விடுங்கள், ஒரே வாரத்தில் தெரியும்.

கவாத்துக்கத்தி
தயவுசெய்து டிஏபி போட்டுவிடாதீர்கள். பிடுங்கவும் வேண்டாம். இந்த இரண்டையும் செய்யாமல் இருந்தாலே பாதிச் செடி பிழைத்துக்கொள்ளும்.

மேலே துளிர் வந்துவிட்டது என்பதால் கீழே வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தமில்லை. பேர் ரூட் செடி உறக்கத்தில் இருக்கும்போது தோண்டி எடுத்தது. அதன் தண்டிலும் தடித்த வேரிலும் போன பருவத்தில் சேர்த்த மாவுச்சத்து இருக்கும். கொஞ்சம் சூடு பட்டதும் அந்தச் சேமிப்பை எடுத்துத்தான் துளிர்க்கிறது. தண்ணீரை உறிஞ்சும் சல்லிவேர்களோ தோண்டும்போதே பெரும்பாலும் அறுந்து போயிருக்கும், புதிதாக வர வேண்டும். அது வருவதற்குள் மேலே இலை விரிந்து, வெயிலும் காற்றும் சேர்ந்து ஈரத்தை உறிஞ்சினால் வரவைவிடச் செலவு கூடிவிடும். நுனி தொங்குவது அதனால்தான். இந்த நேரத்தில் ரசாயன உரம் போட்டால் மண்ணில் உப்பு ஏறி, இருக்கிற ஒன்றிரண்டு புதுவேரும் வெந்துவிடும். உரமெல்லாம் முதல் பூ பூத்து முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் இதைப் பார்த்துச் சொல்லுங்கள். கருகிய தளிருக்குக் கீழே தண்டின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருக்கிறதா, பழுப்பாக இருக்கிறதா? நுனியில் கொஞ்சம் வெட்டி நடுச் சோற்றுப் பகுதியின் நிறத்தையும் பாருங்கள். வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ இருந்தால் நல்லது.

கொடிப்பந்தல்
மாடிக்கீரை, நன்றி, உரத்தை இப்போதைக்கு நிறுத்திவைக்கிறேன்.

கவாத்துக்கத்தி அண்ணா, சுரண்டிப் பார்த்தேன். முதல் இரண்டிலும் மேல்பாதி பழுப்பு. கீழே வர வரப் பச்சை, அடிப்பாகம் நல்ல ஈரம். ஐந்தாவது குச்சி அடி முதல் நுனி வரை பச்சை, ஆனால் அசையவே மாட்டேன் என்கிறது. குச்சிகளின் மேல் பச்சையாக ஒரு மெழுகுப் பூச்சு வேறு இருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டுமா?

கவாத்துக்கத்தி
மெழுகை விட்டுவிடுங்கள். பயணத்தில் தண்டு காயாமல் இருக்கப் பூசுவது. மொட்டு வரும்போது தானே வெடித்து உதிர்ந்துவிடும். சுரண்டப் போனால் கணுவும் சேர்ந்து போகும்.

முதல் இரண்டுக்கும் கருகியதை வெட்டிக்கொண்டே கீழே வாருங்கள். வெட்டுவாயில் வெள்ளைச் சோறு தெரியும் வரை வெட்டலாம். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே வெட்டு விழட்டும். அது முடிந்ததும் மண் அணைக்க வேண்டும், இதுதான் முக்கியம். பொலபொலப்பான மண்ணோ மக்கிய உரமோ எடுத்து, செடியைச் சுற்றி 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்குக் கும்பாச்சியாகக் குவியுங்கள். தண்டின் பெரும்பகுதி அதற்குள் மறைந்தால் பரவாயில்லை, மறையத்தான் வேண்டும். வேர் பிடிக்கும் வரை தண்டின் ஈரத்தைக் காக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. நட்ட அன்றே செய்திருந்தால் இன்னும் நல்லது, இப்போது செய்தாலும் பலன் உண்டு. மதிய வெயிலுக்கு நிழல்வலை ஒன்றைச் சாய்த்துக் கட்டுங்கள்.

களிமண்காரி
தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லையே! இரண்டு வேளையும் விடுகிறீர்கள் என்றால் உங்கள் மண் என்ன வகை? மணல் கலந்த மண்ணாக இருந்தால் சரி. களிமண்ணாக இருந்தால் வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகினாலும் மேலே இதே மாதிரிதான் தளிர் தொங்கும். வறட்சிக்கும் அழுகலுக்கும் மேலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

செடிக்கு ஒரு முழம் தள்ளி ஒரு அடி ஆழத்துக்குச் சின்னக் குழி தோண்டித் தண்ணீரை நிரப்புங்கள். முதல் தடவை உறிஞ்சிய பிறகு மறுபடி நிரப்பிப் பாருங்கள். ஓரிரு மணி நேரத்தில் வடிந்தால் கவலையில்லை. மறுநாளும் தேங்கி நின்றால் செடியைவிட இடம்தான் பிரச்சினை. அங்கே மேட்டுப்பாத்தி கட்டித்தான் ரோஜா வைக்க முடியும்.

கொடிப்பந்தல்
அக்கா, சோதித்துவிட்டேன். இரண்டாவது தடவையும் ஒரு மணி நேரத்துக்குள் வடிந்துவிட்டது. செம்மண்ணும் மணலும் கலந்த மண்தான்.

களிமண்காரி
அப்படியானால் அழுகல் பயத்தை விடுங்கள். ஆனாலும் மணி பார்த்துத் தண்ணீர் விட வேண்டாம். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் குறைந்திருந்தால் மட்டும் விடுங்கள். விடும்போது ஆழம் வரை இறங்கும்படி நிதானமாக விடுங்கள். மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

பதியன்
எல்லோரும் காய்கிற செடியையே பார்க்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் அந்த நான்காவது செடி மேல்தான். ஒற்றைக் குச்சி, அதுவும் மற்றதெல்லாம் திணறும்போது இப்படிக் கிடுகிடுவென்று ஏறுகிறது என்றால் அது எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும். தண்டும் வேரும் சேரும் இடத்தில் ஒரு முண்டு இருக்கும், ஒட்டுக் கட்டிய இடம் அது. மண்ணை மெதுவாக விலக்குங்கள். குச்சி முண்டுக்கு மேலிருந்து வருகிறதா, கீழிருந்தா?

கொடிப்பந்தல்
இலையைப் பார்த்தேன், ஒரு காம்புக்கு ஐந்தைந்தாகத்தான் இருக்கிறது. காட்டு ரோஜா என்றால் ஏழு இருக்கும் என்பார்களே? இலையே சொல்லிவிட்டதே என்று தோண்டவில்லை.

பதியன்
அந்த ஏழு இலைக் கணக்கை நம்பாதீர்கள். நல்ல ரகங்களிலும் ஏழு வரும், ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் வேர்ச்செடியிலும் ஐந்து வரும். எத்தனையோ பேர் இதை நம்பி நல்ல கிளையை வெட்டிப்போட்டிருக்கிறார்கள். கிளம்பும் இடம் ஒன்றுதான் சாட்சி. தோண்டிப் பாருங்கள்.

கொடிப்பந்தல்
தோண்டினேன். முண்டுக்கு மூன்று விரற்கடை கீழே, வேர்த்தண்டின் பக்கவாட்டிலிருந்து வருகிறது. முண்டின் மேல் இருக்கும் குச்சிகளைச் சுரண்டினால் ஒன்று முழுக்கப் பழுப்பு, இன்னொன்றின் அடியில் மட்டும் கொஞ்சம் பச்சை. இருப்பதிலேயே இதுதான் சூப்பர் செடி என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டியிருந்தேன்.

பதியன்
வளர்வது வேர்ச்செடிதான். விட்டால் நீங்கள் வாங்கிய ரகத்தை ஓரம் கட்டிவிட்டு அதுவே செடியாகிவிடும். மல்டிஃப்ளோரா வேர்ச்செடி என்றால் கொத்துக் கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூ வரும். டாக்டர் ஹூயி என்ற வேர்ச்செடி என்றால் அடர்சிவப்பு, அதுவும் ஆண்டுக்கு ஒரு பருவம்தான். வாங்கிய ரோஜா திடீரென்று நிறம் மாறிவிட்டது என்று பலர் புலம்புவது பெரும்பாலும் இந்தக் கதைதான்.

கத்திரியால் நறுக்காதீர்கள். நறுக்கினால் அடியில் தங்கிய கணுக்களிலிருந்து இரண்டு மூன்றாகக் கிளம்பும். குச்சியை அடியில் பிடித்து, கீழ்நோக்கி ஒரே இழுப்பில் கிழித்து எடுங்கள். அது ஒட்டியிருக்கும் தடித்த அடிப்பகுதியோடு வந்துவிட வேண்டும். அதன்பின் முண்டுக்கு மேலே, அடியில் பச்சை உள்ள குச்சியை அந்தப் பச்சை வரை வெட்டி, மண் அணைத்துக் காத்திருங்கள். முண்டில் உயிர் இருந்தால் அங்கிருந்து வரும். முண்டே செத்திருந்தால் அந்தச் செடியை மறந்துவிடலாம்.

ஒன்று கேட்க வேண்டும், முண்டு மண்ணுக்கு மேலா கீழா இருந்தது?

கொடிப்பந்தல்
கிழித்துவிட்டேன், சுத்தமாக வந்தது. நடும்போது எல்லாவற்றிலும் முண்டு மண் மட்டத்துக்கு ஓர் அங்குலம் மேலே இருக்கும்படி வைத்தேன். இங்கே மண் உறையும் அளவுக்குக் குளிர் வராது.

பதியன்
அப்படியென்றால் ஆழம் சரிதான். கடுங்குளிரில் மண் உறையும் இடங்களில்தான் முண்டை 5 செ.மீ. போல மண்ணுக்குள் புதைப்பார்கள், மேலே உள்ளது உறைந்து செத்தாலும் அடியிலிருந்து நல்ல ரகமே துளிர்க்கட்டும் என்று. மிதமான இடங்களில் மண் மட்டத்திலோ சற்று மேலேயோ இருப்பதே நல்லது.

கவாத்துக்கத்தி
அந்த ஐந்தாவது செடிக்கு வருகிறேன். உள்ளே பச்சை இருக்கிறது, கணு மட்டும் விழிக்கவில்லை. தண்டு காய்ந்தால் கணுவும் இறுகிப்போகும். அதற்கும் மண் அணைத்து, வெளியே தெரியும் குச்சி மேல் ஈரச் சாக்கைச் சுற்றி நிழல் கொடுங்கள். ஈரக்காற்றுக்குள் இருந்தால் கணு இளகி வீங்கும். சிலர் பிளாஸ்டிக் பையால் மூடுவார்கள். அது அறைக்குள் வைத்திருக்கும் செடிக்குச் சரி. வெயிலில் மூடினால் உள்ளே வெந்துவிடும்.

கொடிப்பந்தல்
கொஞ்ச நாள் கழித்து வருகிறேன். முதல் இரண்டிலும் மண் குவியலுக்கு மேலே புதுத் தளிர் தலை நீட்டுகிறது, இந்தத் தடவை தொங்கவில்லை. ஐந்தாவதில் மூன்று கணு சிவந்து வீங்கியிருக்கிறது. நான்காவது போய்விட்டது, முண்டு வரை பழுப்பு. குவித்த மண்ணை எப்போது எடுப்பது? நான்காவது இருந்த குழியிலேயே வேறு ரோஜா வைக்கலாமா?

கவாத்துக்கத்தி
தளிர் இரண்டு அங்குலம் போல வளர்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், ஒரே நாளில் முழுக்கத் திறக்க வேண்டாம். மேகமூட்டமான நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். கையாலோ களைக்கொத்தாலோ இழுத்தால் மண்ணுக்குள் வெளுத்து நிற்கும் தளிர்கள் சட்டென்று ஒடிந்துவிடும். குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கரைத்து எடுங்கள்.

களிமண்காரி
அதே குழியில் தாராளமாக வைக்கலாம். பல வருடம் ரோஜா நின்ற இடத்தில் புது ரோஜா வைத்தால்தான் மண் சலித்துப்போய்ச் செடி தேறாது, அங்கே மண்ணை மாற்ற வேண்டிவரும். ஒரு மாதம் நின்ற செடியால் அப்படி ஒன்றும் ஆகாது. செத்த வேரை மட்டும் முழுக்கப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். ஆனால் இனி பேர் ரூட் வாங்காதீர்கள், வெயில் ஏறிவிட்டது. இப்போதே வேண்டுமென்றால் தொட்டியில் வேர் பிடித்து வளர்ந்த செடியாக வாங்கி வையுங்கள். இல்லையென்றால் அடுத்த குளிர்காலம் வரை அந்த இடத்தில் தட்டைப்பயறு விதைத்து விடலாம்.