புதுப்பிப்பு: தக்காளி துவண்டதற்குக் காரணம் வேரில் இருந்தது

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு மாடியில், தண்ணீர் ஊற்றியும் தக்காளி பகலில் துவள்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பக்கத்து இயற்கை அங்காடி அக்கா, "ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்க" என்றார். வேரெல்லாம் முடிச்சு. நூற்புழு! மண்ணில் இருந்து வேரைத் தாக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய புழு.

அவரைச் செடியின் வேரிலும் முடிச்சு உண்டு. ஆனால் அது நல்லது. தேய்த்தால் உதிரும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சில் வேரே வீங்கியிருக்கும், உதிராது. இதைத் தெரியாமல் அவரையைப் பிடுங்கிவிடாதீர்கள், ப்ளீஸ்.

இப்போது தக்காளி இருந்த பையின் மண்ணை நனைத்து, பாலித்தீன் தாளால் மூடி வெயிலில் வைத்திருக்கிறேன். 4 முதல் 6 வாரம் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று தாளைத் தூக்கும், ஓரத்தில் செங்கல் வையுங்கள். அப்புறம் வேப்பம் புண்ணாக்கு கலந்து மக்கவிட்டு, முதலில் செண்டுமல்லி நடப்போகிறேன். வெண்டை, கத்தரி அந்தப் பையில் வேண்டாம், அவற்றையும் இதே புழு பிடிக்கும்.