20 மாதக் குழந்தை, பால் மட்டும்தான் கேட்கிறாள்

குட்டிமா_அம்மா:
மகளுக்கு 20 மாதம் ஆகிறது. முதல் பிறந்தநாள் வரைக்கும் எதைக் கொடுத்தாலும் வாயைத் திறப்பாள், இப்போது தட்டைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இட்லியைப் பிய்த்துப் பொம்மைக்கு ஊட்டுவாள், காக்காவுக்குப் போடுவாள், தன் வாயில் மட்டும் வைக்க மாட்டாள். ஆனால் பால் பாட்டிலைக் கண்டால் ஓடி வருகிறாள், ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் பக்கம் உள்ளே போகிறது. எடை 9.6 கிலோ, மூன்று மாதத்தில் அரை கிலோதான் ஏறியிருக்கிறது. சுறுசுறுப்புக்கு மட்டும் குறைவே இல்லை, அடுப்படியில் கீழ்த்தட்டுப் பாத்திரங்களை எல்லாம் இழுத்துப் போட்டு மூடியைத் தட்டிக்கொண்டிருப்பதுதான் முழுநேர வேலை. மாமியார் வேறு பக்கத்து வீட்டுப் பையனைக் காட்டி "அவன் எப்படிக் கொழுகொழுன்னு இருக்கான் பாரு" என்று தினமும் ஆரம்பித்துவிடுகிறார். பசி எடுக்க நல்ல டானிக் ஏதாவது இருக்கா?

ஈரோட்டு_அப்பா:
ஒரு லிட்டர் பால் குடித்தால் அப்புறம் சோற்றுக்கு வயிற்றில் ஏதுங்க இடம்? இந்த வயதில் நாளைக்கு அரை லிட்டர் போதும் என்றுதான் குழந்தை டாக்டர்கள் சொல்வார்கள். பாலில் இரும்புச்சத்து ரொம்பக் குறைவு, அதையே நிறையக் குடித்து வேறு எதுவும் சாப்பிடாத குழந்தைகளுக்கு ரத்தசோகை வருவது சகஜம், ரத்தசோகை வந்தால் பசியும் குறையும். கடையில் டானிக் வாங்காதீர்கள். டாக்டரிடம் சொல்லி முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள், குறைவாக இருந்தால் இரும்புச்சத்து மருந்தை அவரே அளவு சொல்லி எழுதித் தருவார்.

அங்கன்வாடி_டீச்சர்:
எடையை நினைத்துப் பயப்படாதீங்கம்மா. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 20 மாதப் பெண் குழந்தைக்கு நடு அளவு 10.6 கிலோ, 8.4-க்குக் கீழே போனால்தான் எடை குறைவு என்போம். முதல் வருஷம் பிறந்த எடை மூன்று மடங்காகும், இரண்டாவது வருஷம் முழுக்கவே இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறையத்தான் செய்யும். பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடாமல் தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டைப் பாருங்கள், அது படுத்துவிட்டாலோ கீழே இறங்கினாலோதான் கவலை. அங்கன்வாடியில் மாதாமாதம் எடை போட்டு, தருகிற சத்துமாவையும் வாங்கிக்கொள்ளுங்கள். 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் தட்டம்மை ரூபெல்லா இரண்டாவது தவணையும் டிபிடி பூஸ்டரும் போட்டாச்சா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ சொட்டு, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பூச்சி மாத்திரை (இரண்டு வயது வரை அரை மாத்திரைதான், பொடித்துக் கொடுக்கணும்), இதையும் விட்டுவிடாதீர்கள்.

குட்டிமா_அம்மா:
ஊசி எல்லாம் போட்டாச்சு டீச்சர், ரொம்ப நன்றி. பாலைக் குறைக்கத்தான் வழி தெரியவில்லை. ராத்திரி பாட்டில் வாயில் இல்லாமல் தூங்க மாட்டேன் என்று ஊரையே கூட்டுகிறாள். பகலில் போனைக் காட்டினால் நாலு வாய் சாப்பிடுகிறாள், அதையாவது தொடரலாமா?

மதுரைக்காரி:
போன் வேண்டாம்ப்பா, என்ன சாப்பிடுகிறோம், வயிறு நிறைந்ததா என்று எதுவுமே அதுகளுக்குத் தெரியாது, அப்புறம் போன் இல்லாமல் வாயே திறக்காது. பாட்டிலோடு தூங்கினால் முன்பல் சொத்தையாகிவிடும், அதனால் அதைத்தான் முதலில் நிறுத்தணும். பாலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் டம்ளரில் கொடு, பாதியைத் தரையில் கொட்டுவாள், கொட்டட்டும். இரண்டு மூன்று ராத்திரி அழுவாள், மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்துச் சமாளி. சாப்பாட்டுக்கு அவளுக்கென்று சின்னத் தட்டு வை, நெய் விட்டுப் பிசைந்த பருப்பு சாதத்தைச் சின்னச் சின்ன உருண்டையாக அதில் வைத்துவிட்டு நீயும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு, ஊட்டாதே. எங்கள் வீட்டு வாலு என் தட்டில் இருந்து திருடித் தின்றுதான் கீரையே பழகினாள். அரை மணி நேரத்துக்கு மேல் தட்டோடு பின்னாலேயே ஓடாதே. முழு வேர்க்கடலை, முழு திராட்சை மட்டும் கொடுத்துவிடாதே, தொண்டையில் அடைக்கும்.

ஈரோட்டு_அப்பா:
டாக்டரிடம் போகும்போது உங்கள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்க. நாம் சொன்னால் காதில் ஏறாது, அதையே ஸ்டெதஸ்கோப் மாட்டியவர் சொன்னால் சரிங்க டாக்டர் என்பார்கள்.