சிறிய ஹெட்போன் ஆம்ப்: 9 வோல்ட் பேட்டரி ஆறு மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது

மேலூர்க்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு மொட்டைமாடியில் அமர்ந்து மதுரை சோமு அவர்களின் பழைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்பது என் வழக்கம். என்னிடம் இருப்பது 250 ஓம் ஹெட்போன் என்பதால் கைப்பேசியின் ஒலி அதற்குப் போதவில்லை. ஆகவே சூ மாய் வடிவமைத்த, பலரும் 'சீமாய்' என்று அழைக்கும் எளிய சுற்றைப் பார்த்து, டவுன்ஹால் ரோட்டில் உதிரிப் பாகங்கள் வாங்கி, ஒரு பழைய மிட்டாய் டப்பாவுக்குள் ஒலியைக் கூட்டித் தரும் ஆம்ப் ஒன்றைக் கட்டினேன். பெருக்கும் வேலையைச் செய்யும் சில்லு (ஐ.சி.) ஓ.பி.ஏ. 2134, மின்னழுத்தத்தை இரண்டாகப் பிரிக்க 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 220 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் இரண்டு. பெருக்கம் 11 மடங்கு.

பாட்டு நன்றாகவே கேட்கிறது. ஆனால் 250 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்ட ரீசார்ஜ் பேட்டரி, இரவுக்கு இரண்டு மணி நேரம் என்ற கணக்கில், மூன்றாம் இரவே தீர்ந்துவிடுகிறது. மேலும், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் பலமான அடி விழும்போது ஒலி உடைகிறது. லித்தியம் பேட்டரிக்கு மாறினால் இரண்டும் சரியாகுமா?

திருமங்கலம் ரேடியோ பணிமனை எழுதியது:

தம்பி, பேட்டரியை மாற்றுவதற்கு முன்னால் ஆம்ப் எவ்வளவு மின்னோட்டம் எடுக்கிறது என்று அளந்து பாருங்கள். பேட்டரி கிளிப்பின் சிவப்பு ஒயரை மட்டும் பிரித்து, மல்டிமீட்டரை 200 மில்லி ஆம்பியர் அளவில் வைத்து இடையில் இணைக்க வேண்டும். பாட்டு ஓடத் தேவையில்லை. 250 ஓம் ஹெட்போனில் அரை வோல்ட் போனாலே ஒரு மில்லி வாட், அதற்கு 2 மில்லி ஆம்பியர்தான் செலவு. சும்மா இருக்கும்போது ஆம்ப் குடிப்பதே இங்கே பெரிய செலவு.

நீங்கள் சொன்ன பாகங்களுக்குக் கணக்கு இப்படி வர வேண்டும்: ஐ.சி.யின் இரண்டு பாதிகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 8 மில்லி ஆம்பியர், மின்னழுத்தத்தைப் பிரிக்கும் இரண்டு ரெசிஸ்டர்களிலும் சேர்த்து ஒரு மில்லி ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. எல்.இ.டி. இருக்கிறதா, அதற்கு எத்தனை ஓம் போட்டீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. 1 கிலோ ஓம் போட்டிருந்தால் அந்தச் சிறு விளக்கு மட்டும் 6 மில்லி ஆம்பியருக்கு மேல் தின்னும்; பாட்டுக்கு ஆகும் செலவைவிட அது அதிகம் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. அதையும் சேர்த்தாலும் 16ஐத் தாண்டக் கூடாது.

மேலூர்க்காரன் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. எல்.இ.டி.க்கு 1 கிலோ ஓம்தான் போட்டிருக்கிறேன். அளந்தபோது 33 மில்லி ஆம்பியர் காட்டியது, எல்.இ.டி.யைக் கழற்றிய பிறகும் 26க்கு மேல் நிற்கிறது. ஐ.சி.யின் முதுகில் விரல் வைத்தால் நன்றாகச் சூடு தெரிகிறது.

வைகைக் கரை எழுதியது:

அது போலி ஐ.சி.யாக இருக்கலாம். விலை குறைந்த ஐ.சி.யின் மேல் எழுத்தைச் சுரண்டிவிட்டு வேறு எண் அச்சிட்டு விற்பதில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். சாக்கெட் வைத்திருந்தால் என்.இ. 5532 ஒன்றை அதே இடத்தில் சொருகி அளந்து பாருங்கள்; கால் அமைப்பு ஒன்றே, அதுவும் ஏறத்தாழ 8 மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் அந்தச் சோதனையின்போது ஹெட்போனைச் சொருக வேண்டாம். அதன் உள்ளீட்டில் ஓடும் சிறு மின்னோட்டம் உங்கள் சுற்றின் 100 கிலோ ஓம் ரெசிஸ்டரில் 20 மில்லி வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் உண்டாக்கும். 11 மடங்கு பெருகி வெளியே வந்தால் அது ஹெட்போனுக்கு நல்லதல்ல.

திருமங்கலம் ரேடியோ பணிமனை எழுதியது:

வைகைக் கரை சொன்ன சோதனை நல்லது. மாற்றிய ஐ.சி.யும் சூடானால் குற்றம் ஐ.சி.யில் இல்லை, ஒயரிங்கில் இருக்கிறது. எனக்கு அந்தச் சந்தேகம்தான் வலுவாக இருக்கிறது. காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் ஐ.சி. தானாகவே அலைந்துகொண்டிருந்தால் (ஆஸிலேஷன்), பாட்டு ஒழுங்காகக் கேட்கும்போதே மின்னோட்டம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு ஏறும், உடம்பும் சுடும். அதை அடக்க, ஐ.சி.யின் மின்சாரக் கால்களான 4, 8 இரண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்றைப் பலகையின் அடிப்பக்கத்தில், காலை ஒட்டி, ஒயர் நீளமே இல்லாமல் பற்றவையுங்கள். உள்ளீட்டு ஒயரும் வெளியீட்டு ஒயரும் டப்பாவுக்குள் அருகருகே ஓடினால் பிரித்து வையுங்கள்.

மிருதங்கம் உடைவதற்குக் காரணம் வேறு. உங்கள் ரீசார்ஜ் பேட்டரி பெயருக்குத்தான் 9 வோல்ட், உண்மையில் 8.4; அதை இரண்டாகப் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு 4.2 வோல்ட்தான், அதிலும் ஐ.சி. தன் பங்கை வைத்துக்கொண்ட பின், உச்சத்தில் மூன்று வோல்ட்டுக்கும் குறைவாகவே வெளியே வரும். கைப்பேசி அரை வோல்ட் கொடுத்தாலும் 11 மடங்கு என்றால் ஐந்தரை ஆகிறது. அதற்கு இங்கே இடமே இல்லை. பெருக்கத்தை நிர்ணயிக்கும் 10 கிலோ ஓம் பின்னூட்ட ரெசிஸ்டருக்குப் பதில் 2.2 கிலோ ஓம் போட்டால் பெருக்கம் மூன்றே சொச்சம் ஆகும். அதனால் இன்னொரு நன்மையும் உண்டு: வால்யூம் திருகின் தொடக்கத்தில் இடது, வலது ஒலி சமமாக இருக்காது, பெருக்கம் குறைந்தால் திருகை நடுப்பகுதிவரை ஏற்றிக் கேட்கலாம், இரைச்சலும் இறங்கும். ஆனால் பெருக்கத்தைக் குறைக்கும்போது ஐ.சி. அலைவதற்கு வாய்ப்பு கூடும். ஆகவே முதலில் கெபாசிட்டர், பிறகு மின்னோட்டத்தை அளப்பது, அதன் பிறகே ரெசிஸ்டர்.

லித்தியம் இப்போது வேண்டாம். ஒற்றைச் செல்லை வைத்து மின்னழுத்தத்தை உயர்த்தும் பலகை சேர்த்தால் அதன் இரைச்சலோடு மல்லுக்கட்ட வேண்டும். பவர் பேங்க் என்றால், இவ்வளவு சிறிய சுமையைக் கண்டதும் பெரும்பாலானவை தாமாகவே அணைந்துவிடும். இரண்டு செல் போடுவதானால் பாதுகாப்புப் பலகை கட்டாயம். சித்திரை வெயிலில் வண்டிக்குள் விட்டுவைக்கவும் கூடாது.

மேலூர்க்காரன் எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். கெபாசிட்டரை அடிப்பக்கத்தில் பற்றவைத்தவுடன், எல்.இ.டி.யையும் சேர்த்து 15.5 மில்லி ஆம்பியருக்கு இறங்கியது, ஐ.சி. குளிர்ந்தே இருக்கிறது. அதே ஐ.சி.தான், மாற்றவில்லை. எல்.இ.டி.க்கு 10 கிலோ ஓம் போட்டதும் 9.7 ஆகிவிட்டது, இரவில் அந்த மங்கலான வெளிச்சம் தாராளமாகத் தெரிகிறது. நேற்று 2.2 கிலோ ஓமையும் மாற்றி மீண்டும் அளந்தேன், அளவு ஏறவில்லை. மிருதங்கத்தின் இடந்தலை அடி இப்போது உடையாமல், தோல் அதிர்வது வரை முழுதாகக் கேட்கிறது. பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் தம்புராவின் சுருதியும் இரைச்சலில் மூழ்காமல் தனியே நிற்கிறது.

பேட்டரி 200 மில்லி ஆம்பியர் மணி மட்டுமே கொடுத்தாலும் இருபது மணி நேரம், அதாவது பத்து இரவுகள் வர வேண்டும். இன்று ஐந்தாவது இரவு, இன்னும் 8.3 வோல்ட் காட்டுகிறது.