எங்க குடும்பக் குழு: பெரியப்பாவோட கம்ப்யூட்டர்

சனிக்கிழமை

பெரியப்பா: எல்லாரும் சௌக்கியமா? ஒரு யோசனை வேணும். என் கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாயிடுச்சு. காலைல ஆன் பண்ணிட்டுப் போய் குளிச்சிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டேதான் இருக்கு. பார்க்கிறவங்க எல்லாம், ஆறு வருஷம் ஆச்சு, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்கன்றாங்க. வாங்கிடலாமா?

சித்தப்பா: அவசரப்படாதீங்க அண்ணா. பாப்பா வரட்டும், கேட்டுட்டு செய்யலாம்.

நான்: வந்துட்டேன். வாங்காதீங்க பெரியப்பா. முதல்ல ஒண்ணே ஒண்ணு பாருங்க. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர்னு ஒரு பெட்டி திறக்கும். அதுல பெர்ஃபார்மன்ஸ், அதுக்குள்ள சிபியூ. கீழே அப் டைம்னு போட்டு ஒரு நம்பர் ஓடிட்டிருக்கும். அது என்னன்னு சொல்லுங்க.

பெரியப்பா: 41:03:17:52. கடைசி எண் மட்டும் மாறிக்கிட்டே இருக்கு.

நான்: முதல் எண் நாள் கணக்கு. 41 நாளா உங்க விண்டோஸ் ஒரு தடவை கூட புதுசா ஆரம்பிக்கல.

பெரியப்பா: இல்லையேம்மா. தினம் ராத்திரி ஷட் டவுன் கொடுத்து, சுவிட்சையும் அணைச்சிட்டுத்தான் படுக்கிறேன்.

நான்: நீங்க சரியாத்தான் செய்றீங்க. ஆனா விண்டோஸ் 8 வந்ததுலேர்ந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒரு ஏற்பாடு இருக்கு. ஷட் டவுன் கொடுத்தா நீங்க திறந்து வெச்ச ப்ரோகிராம் எல்லாம் மூடிடும். விண்டோஸோட அடி மையம் மட்டும் இருந்த நிலைமையிலேயே டிஸ்க்ல எழுதி வெச்சுக்கும். காலைல அதைத் திரும்ப எடுத்து வெச்சு சீக்கிரம் தொடங்கிடும். மின்சாரத்தை அணைச்சாலும் அது டிஸ்க்ல இருக்கறதால அப்படியே திரும்பி வரும். நேத்து உள்ள ஏதாவது சிக்கியிருந்தா, இன்னைக்கும் அது சிக்கினபடியே இருக்கும்.

நான்: ரீஸ்டார்ட் கொடுத்தாத்தான் எல்லாத்தையும் துடைச்சிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். வாரம் ஒரு தடவை போதும். இப்பவே கொடுங்க.

தம்பி: அக்கா, இது எனக்கே தெரியாது. ஷட் டவுன்தான் முழு ஓய்வுன்னு நினைச்சிட்டிருந்தேன்.

நான்: நிறைய பேர் அப்படித்தான் நினைச்சிட்டிருக்காங்க. பெரியப்பா, 41 நாளா காத்திருந்த அப்டேட் எல்லாம் இப்ப வரிசையா ஏறும். அரை மணி நேரம் ஆனாலும் பவரை மட்டும் அணைச்சிடாதீங்க.

பெரியப்பா: கொடுத்துட்டேன். நீலத் திரைல 12 சதவீதம்னு நிக்குது. இனி போன்லேர்ந்துதான் பேசுவேன்.

சித்தி: மாமா காத்திருக்கற நேரத்துல நான் ஒண்ணு கேட்டுக்கறேன் பாப்பா. ஒரு லெட்டர்லேர்ந்து முகவரியை காப்பி பண்றேன். ஒட்டறதுக்குள்ள இன்னொண்ணை காப்பி பண்ணிட்டா முதல்ல எடுத்தது போயிடுது. திரும்பப் போய்த் தேடணும். ஒரு நாளைக்கு இருபது தடவை இப்படி ஆகுது.

நான்: சித்தி, கண்ட்ரோல் வி-க்கு பதிலா விண்டோஸ் பட்டனைப் பிடிச்சுக்கிட்டு வி அழுத்துங்க. முதல் தடவை டர்ன் ஆன்னு கேக்கும், சரின்னு கொடுத்துடுங்க. அதுக்கப்புறம் நீங்க காப்பி பண்ண கடைசி 25 விஷயமும் வரிசையா நிக்கும். வேணும்கறதைத் தொட்டா ஒட்டிக்கும்.

சித்தி: பண்ணிப் பார்த்தேன். ஐயோ, இது இத்தனை நாள் இங்கேயேவா இருந்துச்சு!

நான்: 2018-லேர்ந்து இருக்கு. அடிக்கடி தேவைப்படற வரி, உங்க முகவரி மாதிரி, அதுக்கு பின் போட்டுக்கோங்க. ரீஸ்டார்ட் பண்ணா மத்ததெல்லாம் அழிஞ்சிடும், பின் போட்டது மட்டும் நிக்கும். ஒண்ணே ஒண்ணு கவனம். பாஸ்வேர்டை காப்பி பண்ணாலும் அந்த வரிசைல கண்ணுக்குத் தெரியற மாதிரி உக்காந்திருக்கும். அதை உடனே நீக்கிடுங்க.

சித்தப்பா: காப்பி பேஸ்ட்னு சொன்னதும் ஞாபகம் வருது. அந்த வழியை 1970-கள்ல ஜெராக்ஸ் நிறுவனத்தோட பார்க் ஆராய்ச்சிக் கூடத்துல உருவாக்கினவங்கள்ல ஒருத்தர் லாரி டெஸ்லர். 2020-ல காலமானார். சாதாரண மனுஷன் குழம்பாம கம்ப்யூட்டரைப் பயன்படுத்தணும்கறதுக்காகவே வேலை செஞ்சவர். எனக்கு அவர் மேல பெரிய மரியாதை உண்டு.

அத்தை: கண்ணு, எனக்கு எழுத்து எறும்பு மாதிரி தெரியுது. கண்ணாடி மாத்தியும் பிரயோஜனம் இல்ல.

நான்: அத்தை, கண்ட்ரோலைப் பிடிச்சுக்கிட்டு மவுஸ் சக்கரத்தை முன்னாடி உருட்டுங்க. இன்டர்நெட் பக்கம் பெருசாகும். கண்ட்ரோலும் சைபரும் அழுத்தினா பழைய அளவுக்கு வந்துடும். சில ப்ரோகிராம்ல இது வேலை செய்யாது. அங்கே விண்டோஸ் பட்டனும் ப்ளஸ்ஸும். பூதக்கண்ணாடி வெச்ச மாதிரி முழுத் திரையும் பெருசாகும். முடிக்கறதுக்கு விண்டோஸ் பட்டனும் எஸ்கேப்பும்.

அத்தை: பெருசாயிடுச்சு! மவுஸ் போற பக்கமெல்லாம் கூடவே நகருது. நல்லா இருக்கு கண்ணு.

அத்தை: இன்னொண்ணு சொல்லணும்னு இருந்தேன். நேத்து சாயங்காலம் ஏதோ படிச்சிட்டிருந்தேன். திடீர்னு திரை முழுக்க சிவப்பா வந்து பீ பீன்னு கத்துச்சு. வைரஸ் வந்துடுச்சு, அணைக்காதே, உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடுன்னு இருந்துச்சு. மூட முடியல. கை நடுங்கிடுச்சு. ஒயரைப் பிடுங்கிட்டேன்.

நான்: அத்தை, கூப்பிடலல்ல?

அத்தை: இல்ல. பயத்துல போனே கைல எடுக்கல.

நான்: நல்ல வேளை. அது வைரஸ் இல்ல, வெறும் இணையப் பக்கம். எல்லாரும் இதை மனசுல வெச்சுக்கோங்க. விண்டோஸ் காட்டற நிஜமான எச்சரிக்கைல போன் நம்பர் ஒருநாளும் இருக்காது. நம்பர் இருந்தாலே அது ஏமாத்து. கூப்பிட்டா அந்தப் பக்கம் பதமாப் பேசி, தூரத்துலேர்ந்து நம்ம கம்ப்யூட்டரை இயக்கற ஆப் ஒண்ணைப் போடச் சொல்வாங்க. அதுக்கப்புறம்தான் நிஜமான ஆபத்து.

நான்: அடுத்த தடவை வந்தா எஸ்கேப்பை விடாம அழுத்திப் பிடிங்க. முழுத் திரைலேர்ந்து சின்னதாகும், மூடிடலாம். அசையலன்னா பெரியப்பா திறந்தாரே அதே டாஸ்க் மேனேஜர், அதுல ப்ரௌசரைத் தொட்டு எண்ட் டாஸ்க். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களைக் கொண்டு வரவான்னு கேட்டா வேணாம்னு சொல்லிடுங்க. இல்லன்னா அதே பக்கம் திரும்ப வந்து நிக்கும்.

தம்பி: அத்தை, எப்ப வந்தாலும் எனக்கு போன் பண்ணுங்க. ராத்திரி ஆனாலும் பரவால்ல.

பெரியப்பா: ஆயிடுச்சு! 26 நிமிஷம் எடுத்துச்சு. இப்ப கொஞ்சம் தேவலை. ஆனாலும் எதைத் திறந்தாலும் யோசிச்சிட்டுத்தான் திறக்குது.

நான்: டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பாருங்க. ஆன் பண்ணதும் தானா கிளம்பறவங்க பட்டியல் அது. எத்தனை பேர் இருக்காங்க?

பெரியப்பா: 17. பாதி என்னன்னே தெரியல. பாட்டு கேக்கறது, பழைய பிரிண்டரோடது, வீடியோல பேசறது ரெண்டு.

நான்: அந்த நாலையும் டிசேபிள் பண்ணுங்க. அழியாது, வேணும்கறப்ப நீங்களே திறந்துக்கலாம். செக்யூரிட்டி, ஆடியோ, டச்பேட்னு பேர் இருக்கறதைத் தொடாதீங்க. பேர் புரியாததையும் இப்போதைக்கு விட்டுடுங்க.

தம்பி: பெரியப்பா, பெர்ஃபார்மன்ஸ்ல டிஸ்க் 0 கீழ எச்டிடின்னு இருக்கா, எஸ்எஸ்டின்னு இருக்கா?

பெரியப்பா: எச்டிடி. பக்கத்துல 100 சதவீதம்.

தம்பி: அப்ப காரணம் அதுதான். உள்ள தட்டு சுத்தற பழைய வகை டிஸ்க். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு முள் நகர்ந்து போய்த் தேடி எடுக்கணும். எஸ்எஸ்டில நகர்ற பாகமே கிடையாது. அதை மட்டும் மாத்தினா போதும், இன்னும் சில வருஷம் தாராளமா ஓடும்.

நான்: தம்பி சொல்றது சரி. ஒண்ணு மட்டும், உங்களோடது விண்டோஸ் 11 தானே? விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓட நின்னுடுச்சு.

பெரியப்பா: 11 தான். அப்ப அடுத்த வாரமே டிஸ்க்கை மாத்திடலாமா?

நான்: அதுக்கு முன்னாடி, உங்க போட்டோ எல்லாம் எங்கே இருக்கு?

பெரியப்பா: எல்லாம் இதுலதாம்மா. கல்யாண போட்டோ ஸ்கேன் பண்ணது, நீங்க எல்லாம் பொறந்தப்ப எடுத்தது. வேற எங்கேயும் இல்ல.

நான்: பெரியப்பா, அப்ப டிஸ்க் மாத்தற வேலை ரெண்டாவது. இன்னைக்கே ஒரு காப்பி எடுங்க. 100 சதவீதத்துல திணறற ஆறு வருஷ டிஸ்க்ல ஒரே ஒரு பிரதின்னு கேட்டா எனக்கு வயித்தைக் கலக்குது.

சித்தி: மாமா, இதை என்கிட்ட கேளுங்க. நான் பட்டிருக்கேன். அம்மாவோட பழைய போட்டோ 300-க்கு மேல ஒரு பென் டிரைவ்ல வெச்சிருந்தேன். இடம் வேணும்னு வேற எதையோ அழிக்கப் போய் அந்த ஃபோல்டரை அழிச்சிட்டேன். ரீசைக்கிள் பின்ல இருக்கும்னு நிதானமா போய்ப் பார்த்தா காலி. பென் டிரைவ்ல அழிச்சா அங்கே போகாதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

சித்தி: அதைவிடப் பெரிய தப்பு, அடுத்த ரெண்டு நாள் அதே பென் டிரைவ்ல வீடியோ ஏத்திட்டிருந்தேன்.

நான்: ஆமா சித்தி. அழிச்ச உடனே டேட்டா போயிடாது. அந்த இடம் காலின்னு குறிச்சு வெச்சுக்கும், அவ்வளவுதான். புதுசா ஏதாவது எழுதற வரைக்கும் ரெகவரி ப்ரோகிராம் வெச்சு மீட்க வாய்ப்பு இருக்கு. அதனால அழிஞ்சது தெரிஞ்சா அந்த நிமிஷமே கழட்டி வெச்சிடணும்.

சித்தி: கடைசில 40 போட்டோ கிடைச்சுது. அம்மா ஊஞ்சல்ல உக்காந்திருக்கற படம் பாதி சாம்பலா வந்துச்சு. முகம் இல்ல.

பெரியப்பா: 😔

தம்பி: என்னோடது எல்லாம் கிளவுட்ல இருக்கு அக்கா. அது போதும்ல?

நான்: போதாதுடா. சிங்க் ஆகறது வேற, காப்பி எடுத்து வைக்கறது வேற. நீ லேப்டாப்ல ஒரு ஃபோல்டரை அழிச்சா அங்கேயும் அழியும், போன்லயும் அழியும். கூகுள் டிரைவ் குப்பைத் தொட்டில 30 நாள் இருக்கும். 31-வது நாள் ஞாபகம் வந்தா ஒண்ணும் பண்ண முடியாது.

நான்: 3-2-1னு ஒரு கணக்கு உண்டு. மொத்தம் மூணு பிரதி. ரெண்டு வேற வேற வகை சாதனத்துல. அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளியில. பெரியப்பா, உங்ககிட்ட எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஏதாவது இருக்கா?

பெரியம்மா: அவர்கிட்ட ரெண்டு இருக்கு. பெட்டியைக் கூட பிரிக்கல. 😀

நான்: அருமை பெரியம்மா! ரெண்டுலயும் எடுங்க. எடுத்து முடிஞ்சதும் கழட்டி வெச்சிடுங்க. எப்பவும் சொருகியே வெச்சிருந்தா, ஃபைலைப் பூட்டிக்கிட்டுப் பணம் கேக்கற வைரஸ் வந்தா அதையும் சேர்த்துப் பூட்டிடும்.

ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா: ஒண்ணு முடிஞ்சுது. ராத்திரி முழுக்க ஓடுச்சு. ரெண்டாவது ஓடிட்டிருக்கு. ஆனா போட்டோ பேரெல்லாம் ஒரே குழப்பம். 17-03-2004, 17-05-1998னு தேதி போட்டு வெச்சேன். வரிசையே வரல.

நான்: வருஷத்தை முன்னாடி போடுங்க பெரியப்பா. 1998-05-17, 2004-03-17. அப்ப பேர் வரிசையே கால வரிசையா ஆயிடும். நாளை முன்னாடி போட்டா எல்லா வருஷத்து 17-ம் ஒண்ணா போய் நிக்கும்.

நான்: ஒவ்வொண்ணா மாத்த வேணாம். ஒரே நாள் எடுத்ததை எல்லாம் சேர்த்துத் தேர்ந்தெடுத்து எஃப் 2 அழுத்தி, 1998-05-17 காதுகுத்துன்னு டைப் பண்ணி எண்டர். எல்லாத்துக்கும் அதே பேர், பக்கத்துல வரிசை எண். தப்பாயிட்டா கண்ட்ரோல் இசட், பழைய பேர் வந்துடும்.

பெரியப்பா: தமிழ்லயே பேர் வைக்கலாமா?

நான்: தாராளமா. செட்டிங்ஸ்ல லாங்குவேஜ்ல தமிழைச் சேர்த்து கீபோர்ட் வெச்சுக்கோங்க. விண்டோஸ் பட்டனும் ஸ்பேஸும் அழுத்தினா தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிக்கலாம். தேடும்போதும் காதுகுத்துன்னு தமிழ்ல அடிச்சா வந்து நிக்கும்.

தம்பி: நேத்து தேடி வெச்ச பக்கம் ஒண்ணை கைதவறி மூடிட்டேன் அக்கா.

நான்: கண்ட்ரோல், ஷிஃப்ட், டைகருக்கு வர்ற டி. மூடின டேப் திரும்பி வரும்.

தம்பி: வந்துடுச்சு 🙏

பெரியப்பா: ரெண்டாவதும் முடிஞ்சுது. கழட்டிடலாமா?

நான்: எஜெக்ட் கொடுத்துட்டுக் கழட்டுங்க. அதுக்கு முன்னாடி, ரெண்டு டிஸ்க்லயும் அங்கங்க நாலஞ்சு ஃபைலைத் திறந்து பாருங்க. பேர் மட்டும் இருந்து உள்ள ஒண்ணும் இல்லாமப் போன காப்பி எல்லாம் பார்த்திருக்கேன். திறந்து பார்க்காததை காப்பின்னு கணக்குல வெச்சுக்காதீங்க.

பெரியப்பா: திறந்து பார்த்தேன். பத்து படம், ரெண்டு வீடியோ. எல்லாம் முழுசா இருக்கு. ரெண்டு டிஸ்க் மேலயும் இன்னைக்குத் தேதி எழுதி ஒட்டிட்டேன்.

பெரியப்பா: ஒண்ணு எங்க அலமாரிலயே இருக்கட்டும். இன்னொண்ணு வீட்டுக்கு வெளியிலன்னு சொன்னியேம்மா. யார்கிட்ட கொடுக்கறது?

சித்தி: எங்ககிட்ட கொடுங்க மாமா. எங்களோடதை நான் உங்ககிட்ட தர்றேன். அந்த 40 போட்டோவும் அதுல இருக்கு.

பெரியம்மா: அடுத்த ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வர்றோம். என் நகைப் பெட்டி பக்கத்துலயே உன்னோடதை வெச்சுக்கறேன்.

தம்பி: நானும் கூட வர்றேன். எஸ்எஸ்டி மாத்தற வேலையை அன்னைக்கு அங்கேயே பேசிக்கலாம் பெரியப்பா.