பனியன் துணியில் தையல் விட்டு விட்டு விழுகிறது: ஊசியா, மிஷினா, நானா?

அரசலாற்றங்கரை, கும்பகோணம் பக்கம்

ஏழெட்டு வருடமாக வீட்டிலேயே தைக்கிறேன். எங்கள் தெருவில் பாதிப் பேருடைய ஜாக்கெட் என் கையில் தைத்ததுதான். அந்தத் தைரியத்தில் பனியன் துணியைத் தொட்டு மாட்டிக்கொண்டேன்.

நாத்தனார் திருப்பூரில் இருக்கிறார். ஊருக்கு வரும்போதெல்லாம் கிலோக் கணக்கில் கட் பீஸ் கொண்டுவருவார். இந்த முறை மாம்பழ நிறத்தில் மூன்று கிலோ. பையனுக்கு ஆறு வயது. வீட்டில் போட்டுக்கொள்ள நாலு டி-ஷர்ட் ஆகும் என்று உட்கார்ந்தேன். மோட்டார் வைத்த வெள்ளை மிஷின், நெளிந்து நெளிந்து விழும் ஜிக்ஜாக் தையலும் உண்டு. ஜாக்கெட்டுக்குப் போடும் அதே 14-ஆம் நம்பர் ஊசி. ஜிக்ஜாக் எதற்கு என்று நேர்த்தையலே போட்டேன்.

ஆரம்பித்ததுமே துணியின் முனையை ஊசித் துவாரம் உள்ளே இழுத்துக்கொண்டது. கத்தரித்துத்தான் எடுத்தேன். அப்புறம் நாலு தையல் விழுந்தால் ஐந்தாவது விழவில்லை. கீழ் விளிம்பு பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்தது. எப்படியோ முடித்துப் பையனுக்கு மாட்டினேன். தலை நுழையும்போதே கழுத்தில் படபடவென்று நூல் அறுந்தது. அவனுக்கு ஒரே சிரிப்பு. துவைத்து எடுத்தால் இன்னொரு கூத்து: தோள் தையலை ஒட்டிப் பொட்டுப் பொட்டாக ஓட்டை.

நூல் இறுக்கத்தை மாற்றும் டென்ஷனைத் திருகித் திருகி விரல் வலித்ததுதான் மிச்சம். ஓவர்லாக் மிஷின் வாங்காமல் ஆகாது என்கிறார் மிஷின் கடைக்காரர். உண்மைதானா?

பாமணியாறு, மன்னார்குடி

தங்கச்சி, கடைக்காரர் விற்கத்தானே பார்ப்பார். நான் கால் மிதி கறுப்பு மிஷினிலேயே பனியன் துணியில் நைட் பேண்ட் தைத்துக் கொடுக்கிறேன். காட்டன் நூலை எடுத்துவிட்டு பாலியஸ்டர் நூல் போடுங்கள். முன்னாலும் பின்னாலும் ஒரே அளவாக, லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டே தையுங்கள். தையலில் கொஞ்சம் தளர்வு இருந்தால் போடும்போது அறாது. முனையை விழுங்கினால் அடியில் ஒரு துண்டு நியூஸ் பேப்பர் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்துவிடலாம்.

முள்ளியாறு, திருத்துறைப்பூண்டி

அக்கா, நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் டெய்லராக இருந்தவள். இப்போது ஊரோடு வந்துவிட்டோம்.

உங்கள் ஓட்டைதான் விஷயத்தைச் சொல்கிறது. ஜாக்கெட் துணி குறுக்கும் நெடுக்குமாக நெய்தது. பனியன் துணி வளையம் வளையமாகக் கோத்தது. கூர் ஊசி வளையத்தின் இழையையே குத்தி அறுத்துவிடும். தைக்கும்போது தெரியாது, துவைத்து இழுபட்டதும் வாயைத் திறக்கும். பால் பாயிண்ட் ஊசியின் முனை உருண்டை. இழையை ஒதுக்கிவிட்டு நடுவில் இறங்கும்.

தையல் விடுவதும் பெரும்பாலும் ஊசியால்தான். ஊசி மேலே ஏறும்போது இழுவைத் துணியும் அதோடு ஒட்டிக்கொண்டு எழும்பும். அப்போது கீழே நூல் வளையம் சரியாக விரியாது, அந்த வளையத்தைப் பிடிக்க வேண்டிய அடிக்கொக்கிக்குப் பிடி கிடைக்காது. டென்ஷனைத் திருகி என்ன பயன்? டி-ஷர்ட் துணிக்கு 11-ஆம் நம்பர் போதும். ரப்பர் மாதிரி இழுபடும் லைக்ரா இழை கலந்திருந்தால் ஸ்ட்ரெச் ஊசி என்றே கேளுங்கள். ஷ்மெட்ஸ் ஊசியானால் அதில் மஞ்சள் கோடு இருக்கும். தண்டின் ஒரு பக்கம் தட்டையாக, உங்கள் பழைய ஊசி மாதிரியே இருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

மன்னார்குடி அண்ணன் சொல்வது நேர்த்தையல் மட்டும் போடும் மிஷினுக்குச் சரி. உங்களிடம் ஜிக்ஜாக் இருக்கிறதே! அகலம் 1, நீளம் 2.5 வைத்து, துணியை இழுக்காமல் வழிகாட்டி மட்டும் விடுங்கள். இழுத்தால் அந்த அப்பளம்தான். பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்கத் திருகு இருந்தால் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆரம்பிக்கும்போது இரண்டு நூலையும் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஓவர்லாக் தைத்துக்கொண்டே விளிம்பை நறுக்கி அழகாகக் கட்டும். வீட்டுத் தையலுக்கு அது இல்லாமலே ஆகும். பனியன் துணி நெய்த துணி மாதிரி பிசிறு விடாது, சுருண்டுகொள்ளும்.

கழுத்துக்குத் தனிப் பட்டி வையுங்கள், வரி வரியாக, நன்றாக இழுபடும் ரிப் துணி கிடைத்தால் நல்லது. கழுத்துச் சுற்று 16 அங்குலம் என்றால் பட்டி 14, அதோடு தையலுக்கு விடுவது. இரண்டையும் நாலாக மடித்து அடையாளம் வைத்து, அடையாளத்துக்கு அடையாளம் குண்டூசி குத்துங்கள். இங்கே மட்டும் பட்டியை இழுத்துக் கழுத்தளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு முன் பையன் தலையை டேப்பால் சுற்றி அளந்து, பட்டி அவ்வளவு தூரம் இழுபடுகிறதா பாருங்கள்.

ஒரு சந்தேகம்: எந்தப் பக்கம் வைத்து வெட்டினீர்கள்? அதிகம் இழுபடும் பக்கம் உடம்பைச் சுற்றி வரவேண்டும். துவைத்துவிட்டுத்தானே வெட்டினீர்கள்?

அரசலாற்றங்கரை, கும்பகோணம் பக்கம்

துவைக்கவில்லை. வெட்டியதும் நெடுக்காகத்தான், துணி மிச்சமாகுமே என்று. திட்டாதீர்கள்.

கும்பகோணத்தில் முதல் கடையில் பால் பாயிண்ட் கேட்டதற்குப் பேனாவை எடுத்து நீட்டினார்கள். மூன்றாவது கடையில் ஊசி கிடைத்தது. மாட்டித் தைத்தால் சத்தமே வேறு. முன்பு ஒவ்வொரு குத்துக்கும் டொக் டொக் என்று கேட்டது, இப்போது இல்லை. ஒரு முழத் துணியில் ஒரு தையல் கூட விடவில்லை. கழுத்துப் பட்டி இடது தோள் பக்கம் கொஞ்சம் சுருங்கிவிட்டது, ஆனால் தலை நுழைகிறது, நூல் அறவில்லை. பையன் வேண்டுமென்றே பத்துத் தரம் கழற்றிக் கழற்றிப் போட்டான்.

கடை டி-ஷர்ட் மாதிரி கீழே இரட்டைத் தையல் வேண்டுமென்றால்?

முள்ளியாறு, திருத்துறைப்பூண்டி

இரட்டை ஊசியிலும் ஸ்ட்ரெச் வகை உண்டு, 4 மில்லிமீட்டர் இடைவெளி உள்ளதை வாங்குங்கள். மேலே இரண்டு நூல், கீழே ஒரே பாபின் நூல். நேர்த்தையலில் வைத்துத் தையுங்கள். ஜிக்ஜாக்கில் விட்டுவிட்டால் ஊசி தட்டில் இடித்து ஒடிந்துவிடும். மோட்டாரைப் போடுமுன் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். சுருங்கிய இடத்தின் மேல் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்து வைத்து எடுங்கள், தேய்க்காதீர்கள். பெரும்பாலும் படிந்துவிடும்.