கை அசைத்தால் திரையில் காட்சி மாற வேண்டும்: கினெக்ட் வாங்கலாமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
பார்வையாளர்கள் கொடுக்கும் ஒரு சொல்லை வைத்து அங்கேயே நாடகம் கட்டுகிற சின்னக் குழு எங்களுடையது. பாதி தமிழ், பாதி மலையாளம். பின்னால் வீடியோ ஓட வேண்டும், நடிகர் கை அசைத்தால் அது மாற வேண்டும் என்று ஆசை. லேப்டாப், வெப்கேம், வாடகை புரொஜெக்டர் உண்டு. உடல் அசைவைப் பிடிக்கும் விளையாட்டுக் கேமராவான கினெக்ட், பழையது ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

கணினிப்பித்தன்:
2010இல் வந்த முதல் கினெக்ட் என்றால் யோசியுங்கள். அகச்சிவப்புப் புள்ளிகளை வீசி ஆழம் பார்ப்பதால் இருட்டில் நன்றாக வேலை செய்யும். ஆனால் வெயில் பட்டால் போச்சு. நாலு மீட்டருக்கு மேல் ஆளைப் பிடிக்காது. அதற்குப் பதில், கேமராப் படத்தில் உடல் அசைவைக் கண்டுபிடிக்கும் மீடியாபைப் மென்பொருள் இலவசம், வெப்கேமே போதும். தூரத்திலிருந்து விரல் சரியாகத் தெரியாது. அதனால் உடம்பில் 33 இடங்களைப் புள்ளியாகக் குறிக்கும் அதன் மாடலை ஓட்டி, மணிக்கட்டையும் தோளையும் மட்டும் எடுங்கள். அசைவுக்கேற்பத் திரையில் படம் மாற்ற, டச்டிசைனர் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும்.

வேலந்தாவளம் லைட்மேன்:
தம்பி, கருவியை அப்புறம் பார்க்கலாம். வசனம் எழுதாத நாடகத்தில் கை சும்மா இருக்குமா? நான் விளக்குப் போட்ட ஒரு நிகழ்ச்சியில் நடிகர் "போடா அந்தப் பக்கம்" என்று கையை வீசினார். திரையில் மழை நின்று பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. சனம் சிரிக்கிறது. அவருக்கு ஏன் என்றே தெரியவில்லை, திரைக்கு முதுகு காட்டி நிற்கிறாரே!

காட்சி மாற்றத்தைக் கையிடம் கொடுக்காதே. கை உயர்ந்தால் மழை வலுக்கட்டும், தாழ்ந்தால் தூறலாகட்டும். கொஞ்சம் பிசகினாலும் யாருக்கும் தெரியாது. காட்சியை மாற்ற, நாடகத்தைக் காது கொடுத்துக் கேட்கிற ஒருவர் லேப்டாப்பில் இருக்கட்டும், அவரும் நடிகர்தான்.

இன்னொன்று, வெளிச்சம். முன்னாலிருந்து புரொஜெக்டர் அடித்தால் படம் நடிகர் மேலேயே விழும், கேமரா குழம்பிவிடும். நம்ம பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தில் 21 விளக்கும் திரைக்குப் பின்னால்தானே எரிகிறது? நீயும் மெல்லிய வெள்ளைத் துணி கட்டி, பின்னாலிருந்து அடி. படத்தை இடவலமாகத் திருப்பிப் போட மறக்காதே. ஆள் மேல் பக்கவாட்டு விளக்கு மட்டும் போதும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
சரிங்கண்ணா, மழையோடு ஆரம்பிக்கிறோம். லேப்டாப்பில் யார் உட்காருவது என்றுதான் இப்போது சண்டை, எல்லாருக்கும் மேடை வேண்டுமாம். மூன்று பேர் சேர்ந்து நின்றால் அது யார் கையை எடுக்கும்?

வேலந்தாவளம் லைட்மேன்:
அதற்குத் தோன்றியவரை எடுக்கும். மேடையின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, கேமராவை அங்கே மட்டும் திருப்பி வை. மழை வேண்டுமென்றால் வட்டத்துக்குள் வா, வேண்டாமென்றால் வெளியே போய் எவ்வளவு வேண்டுமானாலும் கையை ஆட்டு. லேப்டாப்புக்கு முறை வைத்துக்கொள்ளுங்கள்.